நரம்பைக் காட்டிய காந்தம்: இஸிடோர் ஐசக் ராபி (1898 - 1988)

நடுநிசியில் கை மரத்துப்போய் விழித்துக்கொண்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கையை உதறினால் சற்று நேரத்தில் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் அது நாள்தோறும் வரும். கட்டைவிரலும் அதை அடுத்த இரு விரல்களும் உணர்ச்சி குன்றும். மணிக்கட்டுக்குள் குறுகலான வழியில் செல்லும் நரம்பு நசுங்குகிறது என்று மருத்துவர் சொல்வார். எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியும், நரம்பு தெரியாது. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே கைகால்களுக்குக் கிளைத்து ஓடும் இந்தப் புற நரம்புகளை உயிருள்ள மனிதரின் உடலில் தோலைக் கீறாமல் கண்ணால் பார்ப்பது நெடுங்காலம் இயலாததாகவே இருந்தது. தட்டிப் பார்த்தும், ஊசியால் குத்திப் பார்த்தும், மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தும்தான் பழுது எங்கே என்று மருத்துவர்கள் ஊகித்தார்கள்.

இன்று எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படம் அந்த நரம்புகளை இழை இழையாகக் காட்டுகிறது. அந்தப் படத்தின் மூலவேர் எந்த மருத்துவமனையிலும் இல்லை. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1937ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த ஒரு பௌதிகச் சோதனையில் இருக்கிறது. அதை நடத்தியவர் மளிகைக்கடைக்காரரின் மகனான இஸிடோர் ஐசக் ராபி. நோய் தீர்க்கும் நோக்கம் அவருக்கு அப்போது இருக்கவில்லை. அணுக்கருவின் காந்தத்தை அளக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

கலீஷியாவிலிருந்து நியூயார்க்குக்கு

ராபி 1898ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் தேதி அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கலீஷியாப் பகுதியில், ரிமனூவ் என்ற சிற்றூரில், வைதீக யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. பிழைப்புத் தேடித் தந்தை டேவிட் முன்னதாக அமெரிக்கா சென்றார். கைக்குழந்தையோடு தாய் பின்னர் கப்பலேறினார். நியூயார்க்கின் கீழைப்பகுதியில் ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களில், இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் குடும்பம் ஒண்டிக்கொண்டது. வீட்டில் பேசியது இத்திஷ் மொழி. 1907இல் புரூக்ளினின் பிரௌன்ஸ்வில் பகுதிக்குக் குடிபெயர்ந்து ஒரு மளிகைக்கடை வைத்தார்கள். வீட்டில் ஒரு மொழி, வெளியே இன்னொரு மொழி என்று வளரும் பிள்ளைகளைப் பெற்ற நமக்கு இந்தச் சித்திரம் அந்நியமானதல்ல.

பையனை மாற்றியது பொது நூலகம். அகர வரிசையில் அடுக்கியிருந்த அறிவியல் நூல்களில் முதலில் கைக்கு அகப்பட்டது வானவியல். கோப்பர்னிக்கஸ் சூரியனை நடுவில் வைத்த கதையைப் படித்ததும், காலையில் சூரியன் ஏன் எழுகிறது என்பதற்கு வீட்டில் சொல்லப்பட்ட விளக்கத்தைவிட எளிய விளக்கம் ஒன்று இருப்பது அவருக்குப் புரிந்தது. யூத மரபில் பதின்மூன்று வயதில் நடக்கும் சடங்கில் சிறுவன் சமயம் பற்றிப் பேசுவது வழக்கம். இவர் மின்விளக்கு எப்படி எரிகிறது என்று இத்திஷ் மொழியில் பேசினார்! சடங்குகளை அவர் பின்னர் கைவிட்டாலும், இயற்கையை ஆராய்வது இறைவனை நெருங்கும் வழி என்ற உணர்வு கடைசிவரை அவரிடம் இருந்தது. தம்மை விஞ்ஞானி ஆக்கியது தாய்தான் என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். மற்றத் தாய்மார்கள் பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் இன்று என்ன கற்றாய் என்று கேட்பார்களாம். அவருடைய தாயோ இன்று நல்ல கேள்வி ஏதும் கேட்டாயா என்று விசாரிப்பாராம்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலில் சேர்ந்து, வேதியியலுக்கு மாறி 1919இல் பட்டம் பெற்றார். யூதர்களுக்கு வேதித் தொழிற்சாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கதவு பெரும்பாலும் அடைத்திருந்த காலம் அது. மூன்றாண்டுகள் கிடைத்த வேலைகளைச் செய்து காலம் கழிந்தது. 1922இல் மீண்டும் படிக்கப் போனவர், தமக்கு உண்மையில் பிடித்தது பௌதிகம் என்று கண்டுகொண்டார். ஹெலன் நியூமார்க் என்ற பெண்மீது காதல் கொண்டு, அவர் நியூயார்க்கில் படித்ததால் தாமும் 1923இல் கொலம்பியாவுக்கு மாறினார்.

பளிங்கும் வத்திராயிருப்புத் தமிழரும்

முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்த பொருள், உப்புப் பளிங்குகள் காந்தத்துக்கு எவ்வளவு இணங்குகின்றன என்பது. அன்று இருந்த முறையில் பளிங்கைக் கவனமாக வெட்டிச் சீவி, சலிப்பூட்டும் அளவைகளை வாரக்கணக்கில் எடுக்க வேண்டும். ராபிக்கு அந்தப் பொறுமை கிடையாது. மாக்ஸ்வெல்லின் பழைய நூலைப் புரட்டியபோது ஒரு குறுக்குவழி தோன்றியது. பளிங்கைக் கண்ணாடி இழையில் கட்டி ஒரு கரைசலில் தொங்கவிட்டார். கரைசலில் உப்பின் அளவைக் கூட்டிக் குறைத்து அதன் காந்த இணக்கத்தை மாற்றிக்கொண்டே போனார். எந்த நிலையில் காந்தத்தை இயக்கியும் பளிங்கு அசையாமல் நிற்கிறதோ, அந்த நிலையில் கரைசலின் இணக்கமும் பளிங்கின் இணக்கமும் சமம். கரைசலை அளப்பது எளிது, வேலை முடிந்தது. 1926 ஜூலை 16 அன்று ஆய்வேட்டை ஒப்படைத்தார். மறுநாள் ஹெலனைக் கரம்பற்றினார்.

அந்தக் கட்டுரையைப் பௌதிக உலகம் அதிகம் கண்டுகொள்ளவில்லை. அதை ஊன்றிப் படித்துத் தம் ஆய்வில் பயன்படுத்திக்கொண்டவர்களில் ஒருவர் தமிழர்: கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். இராமனோடு கல்கத்தாவில் ஒளிச்சிதறல் ஆய்வில் பங்குகொண்ட அதே கே.எஸ். கிருஷ்ணன்தான். அவரும் 1898இல் பிறந்தவர். ராபி பிறந்து நான்கு மாதம் கழித்து, டிசம்பர் 4 அன்று, வத்திராயிருப்பில் பிறந்தார். 1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகம் சென்று பளிங்குகளின் காந்தப் பண்பை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். பின்னர் புதுதில்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். இரு கண்டங்களில் வெவ்வேறு மொழிச் சூழலில் வளர்ந்த இரண்டு ஒத்த வயதினர் ஒரே பளிங்கின்மேல் குனிந்திருந்தார்கள் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

ஹாம்பர்க் கற்றுத் தந்தது

அப்போது குவாண்டம் பௌதிகம் ஐரோப்பாவில் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தது. 1927இல் ஒரு சிறு உதவித்தொகையோடு ராபி அங்கே போனார். சூரிக், மியூனிக், கோபன்ஹேகன் என்று சுற்றிக் கடைசியில் ஹாம்பர்க்கில் தங்கினார். அங்கே கோட்பாட்டுக்குப் பௌலி இருந்தார், சோதனைக்கு ஓட்டோ ஸ்டெர்ன் இருந்தார். வெற்றிடத்தில் பாயும் அணுக்களின் மெல்லிய கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே செலுத்தினால் அது பிளவுபடும் என்று 1922இல் ஸ்டெர்னும் கெர்லாக்கும் காட்டியிருந்தார்கள். ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்த ஊசி என்பதற்கு அது சான்று. ராபி அந்தச் சோதனைக்கு வேறொரு காந்த அமைப்பை யோசித்தார். ஸ்டெர்ன் அவரையே செய்து பார்க்கச் சொன்னார். கோட்பாடு படிக்க வந்தவர் கற்றைச் சோதனையாளராகத் திரும்பினார்.

ஹெய்சன்பர்க்கின் பரிந்துரையால் 1929இல் கொலம்பியாவில் விரிவுரையாளர் பதவி கிடைத்தது. வகுப்பில் அவர் நல்ல ஆசிரியர் அல்லர், பல மாணவர்களுக்கு அவர் பாடம் புரிந்ததில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் அவரைப் போல் ஆளை உருவாக்கியவர் சிலரே. நோபல் பரிசு பெற்ற ஷ்விங்கர், ராம்சே இருவரும் அவர் மாணவர்கள். கூட உழைத்த குஷ்சும் அப்பரிசு பெற்றார். சக பேராசிரியர் ஹரால்டு யூரி தமக்குக் கிடைத்த ஆராய்ச்சிப் பணத்தில் பாதியை ராபிக்குக் கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் பல கருவிகள் எழுந்தன.

ஒத்ததிர்வு

ஒரு பம்பரம் சாய்ந்து சுற்றும்போது அதன் தலை மெல்ல வட்டமிடுவதைப் பார்த்திருப்போம். காந்தப்புலத்தில் வைத்த அணுக்கருவும் அப்படியே வட்டமிடுகிறது. புலம் வலுத்தால் வேகம் கூடும். லார்மர் என்ற பௌதிகர் வகுத்த விதி இது. இந்த வேகத்தைத் துல்லியமாக அளந்துவிட்டால் அணுக்கருவின் காந்த வலிமை கைக்கு வந்துவிடும். எப்படி அளப்பது?

நெதர்லாந்தின் கார்ட்டர் 1936இல் ஒரு வழியை முயன்று தோற்றிருந்தார். 1937 செப்டம்பரில் அவர் ராபியின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். நிலையான காந்தப்புலத்தோடு, குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அலைவுறும் புலத்தையும் சேர்க்கலாம் என்ற அவருடைய யோசனை ராபியைத் தூண்டியது. சில மாதங்களுக்குள் ராபியும், ஜக்காரியாஸ், மில்மன், குஷ் ஆகியோரும் கருவியைத் தயாராக்கினார்கள்.

லித்தியம் குளோரைடை உலையில் சூடாக்கினால் மூலக்கூறுகள் மெல்லிய பிளவின் வழியே வெற்றிடத்தில் பாயும். முதல் காந்தம் அவற்றை ஒரு பக்கம் வளைக்கும். கடைசிக் காந்தம் மறுபக்கம் வளைத்து உணர்கருவியில் சேர்க்கும். நடுவே சீரான புலமுள்ள இன்னொரு காந்தம். அங்கே ஒரு கம்பிச்சுருள் வானொலி அலையைப் பரப்பும். அணுக்கரு வட்டமிடும் வேகமும் அலையின் அதிர்வெண்ணும் பொருந்தாத வரையில் ஒன்றும் நேராது. ஊஞ்சலை அதன் தாளத்துக்கேற்பத் தள்ளினால் மட்டுமே அது உயரும் அல்லவா? இரண்டும் பொருந்திய கணத்தில் அணுக்கருவின் திசை புரளும். கடைசிக் காந்தம் அதைத் தவறாக வளைக்கும். மூலக்கூறு உணர்கருவியைத் தவறவிடும். காந்தப்புலத்தைச் சிறுகச் சிறுக மாற்றிக்கொண்டே போனபோது ஓரிடத்தில் அளவுமானி சட்டென்று இறங்கியது. அந்தப் பள்ளம்தான் காந்த ஒத்ததிர்வு. 1938 தொடக்கத்தில் முடிவு வெளியானது. கார்ட்டரின் பங்கை அவர்கள் அதில் மறக்காமல் குறிப்பிட்டார்கள். 1944ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு ராபிக்குத் தரப்பட்டது. குரு ஸ்டெர்னுக்கு 1943ஆம் ஆண்டின் பரிசு.

ராடாரும் அணுகுண்டும்

பரிசு வந்தபோது ராபி கற்றைகளை விட்டுவிட்டு யுத்தத்துக்குள் இருந்தார். 1940 இலையுதிர் காலத்தில் பிரிட்டனிலிருந்து வந்த குறு அலைக் கருவி ஒன்றை வைத்து எம்.ஐ.டி.யில் ராடார் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. நவம்பரில் ராபி அங்கே சேர்ந்து ஆராய்ச்சியை நடத்தும் பொறுப்பேற்றார். லாஸ் அலமோஸில் அணுகுண்டு செய்யத் துணை இயக்குநராக வரும்படி ஓப்பன்ஹைமர் அழைத்தார். ராபி மறுத்தார். மூன்று நூற்றாண்டுப் பௌதிகம் பேரழிவு ஆயுதத்தில் போய் முடிவதை அவர் விரும்பவில்லை. ஆனாலும் ஆலோசகராகப் போய்வந்தார். 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் முதல் குண்டு வெடித்ததைக் கண்ணால் கண்டார். அதன் வலிமை எவ்வளவு இருக்கும் என்று விஞ்ஞானிகள் கட்டிய பந்தயத்தில் 18 கிலோ டன் என்று சொல்லி வென்றவரும் அவர்தான். மறுத்தவர், உதவியவர், பந்தயம் வென்றவர் மூவரும் ஒருவரே என்பதை மறைத்து அவர் வாழ்க்கையை எழுத முடியாது.

அந்தச் சுமையை அவர் உணர்ந்திருந்தார் என்பதைப் பின்னர் செய்தவை சொல்கின்றன. 1949இல் ஹைட்ரஜன் குண்டு வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோது, அரசின் அணுசக்தி ஆலோசனைக் குழுவில் இருந்த ராபியும் ஃபெர்மியும் தனிக் குறிப்பு எழுதி, எந்த வகையில் பார்த்தாலும் அது தீமை என்று எதிர்த்தார்கள். அரசு கேட்கவில்லை. 1954இல் ஓப்பன்ஹைமரின் நாட்டுப்பற்றே ஐயத்துக்குள்ளாகி விசாரணை நடந்தது. பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். ராபி சென்று நண்பருக்காகத் தயங்காமல் சாட்சி சொன்னார். தீர்ப்பு எதிராகவே வந்தது. அந்தத் தீர்ப்பை அமெரிக்க அரசு ரத்து செய்ய 2022 வரை ஆயிற்று.

போரில் சிதைந்த ஐரோப்பாவில் விஞ்ஞானம் மீண்டும் தழைக்க வேண்டும் என்று 1950இல் ஃபுளோரன்ஸ் நகரில் கூடிய யுனெஸ்கோ மாநாட்டில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நாடுகள் கூடிப் பொது ஆய்வுக்கூடம் அமைப்பதற்கு அது வழிசெய்தது. 1954இல் உருவான ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்துக்கு வித்திட்டவர்களில் அவர் ஒருவர்.

கற்றையிலிருந்து உடலுக்கு

இதற்கிடையே அவர் கண்ட ஒத்ததிர்வு தன் போக்கில் வளர்ந்தது. ராபி அளந்தது வெற்றிடத்தில் தனித்தனியாகப் பறந்த மூலக்கூறுகளை. 1945 இறுதியிலும் 1946 தொடக்கத்திலும் ஹார்வர்டில் பர்செல் குழுவினர் மெழுகிலும், ஸ்டான்ஃபோர்டில் பிளாக் குழுவினர் தண்ணீரிலும் அதே ஒத்ததிர்வைக் கண்டார்கள். இருவரும் 1952இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தண்ணீரில் தெரிந்தால் உடலிலும் தெரியும், ஏனெனில் உடலின் பெரும்பகுதி தண்ணீர்தானே. 1973இல் பால் லாட்டர்பர், காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் சற்றே மாற்றினால் எந்தச் சமிக்ஞை எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிந்து படம் வரையலாம் என்று காட்டினார். இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு அதை வேகப்படுத்தினார். இருவருக்கும் 2003இல் பரிசு கிடைத்தது.

மருத்துவமனைக்கு வந்தபோது அணுக்கருவைக் குறிக்கும் சொல் கருவியின் பெயரிலிருந்து உதிர்ந்தது. அந்தச் சொல்லைக் கேட்டால் நோயாளிகளுக்குக் குண்டும் கதிர்வீச்சும் நினைவுக்கு வந்து அச்சமூட்டின. உண்மையில் இந்தக் கருவியில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு கிடையாது, இருப்பது காந்தமும் வானொலி அலையுமே. பாலைவனத்தில் அணுக்கருவின் ஒரு முகத்தைப் பார்த்தவருடைய கண்டுபிடிப்பே அதன் மற்ற முகம்.

நரம்பு தெரிந்த விதம்

மூளையும் முதுகெலும்பும் எளிதில் படத்தில் விழுந்தன. புற நரம்புகள் அப்படி விழவில்லை. அவை மெல்லியவை, கொழுப்பில் புதைந்தவை. படத்தில் கொழுப்பு பளிச்சென்று ஒளிர்ந்து நரம்பை மறைத்துவிடும். இங்கே ராபியின் தத்துவமே கைகொடுத்தது. 3 டெஸ்லா காந்தத்தில் தண்ணீரின் அணுக்கரு விநாடிக்குச் சுமார் 12 கோடியே 80 லட்சம் தடவை வட்டமிடும். கொழுப்பின் அணுக்கருவோ பத்து லட்சத்தில் மூன்றரைப் பங்கு மட்டும் வேகம் குறைந்தது. அந்தச் சிறு வேற்றுமையைப் பிடித்துக் கொழுப்பின் சமிக்ஞையை மட்டும் அடக்கிவிடலாம். பிறகு நரம்பிழைகளுக்கு இடையே இருக்கும் நீர் தனித்து ஒளிரும். 1992, 1993 ஆண்டுகளில் லண்டனிலும் அமெரிக்காவின் சியாட்டிலிலும் இருந்த ஆய்வாளர்கள் இந்த வழியில் நரம்பைத் தனித்துக் காட்டும் படங்களை வெளியிட்டார்கள்.

ஆரோக்கியமான நரம்பு குறுக்குவெட்டில் பல சிறு கற்றைகளை ஒன்றாகக் கட்டியதுபோல் தோன்றும். நசுங்கிய நரம்பு அந்த இடத்தில் வீங்கி அதிகம் ஒளிரும், கற்றைகளின் ஒழுங்கு கலையும். நரம்பிழந்த தசையும் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். இதனால் வரும் பயன் சிறிதல்ல. இருசக்கர வண்டி விபத்தில் தோள் நரம்புப் பின்னல் அறுபட்ட இளைஞனை எண்ணிப் பாருங்கள். வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டதா, வெளியே அறுந்ததா, வெறுமனே இழுபட்டதா என்பதைப் பொறுத்து மருத்துவம் முற்றிலும் மாறும். அறுந்த நரம்பு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் மட்டுமே வளரும். அது கையை எட்டுவதற்குள் தசை சுருங்கி வீணாகிவிடக்கூடும். ஆகவே காத்திருப்பதா, அறுவை செய்வதா என்பதைச் சில மாதங்களுக்குள் முடிவு செய்தாக வேண்டும். தவறினால் ஒரு கை போகும்.

படம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. அது உருவத்தைக் காட்டும், நரம்பு வேலை செய்கிறதா என்பதை மின் சோதனைதான் சொல்லும். காந்தப்புலத்துக்குச் சுமார் 55 பாகைச் சாய்வில் ஓடும் நரம்பு, நோயில்லாமலே பொய்யாக ஒளிர்வதும் உண்டு. மருத்துவரின் கையும் கண்ணும் இன்றும் தேவைப்படுகின்றன.

இயந்திரத்துக்குள்

ராபி 1967இல் ஓய்வு பெற்றார். முதுமையில் புற்றுநோய் கண்டது. பரிசோதனைக்காக அவரை ஒரு காந்த ஒத்ததிர்வு இயந்திரத்துக்குள் படுக்கவைத்தார்கள். குழாயின் பளபளத்த உட்புறத்தில் தம் முகம் தெரிவதைக் கண்டார். தம் வேலை இங்கே வந்து முடியும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை என்று பின்னர் வியந்து சொன்னார். 1988 ஜனவரி 11 அன்று நியூயார்க்கில் காலமானார். அப்போது புற நரம்பின் தனிப்படம் இன்னும் வந்திருக்கவில்லை, அதற்கு இன்னும் நான்கைந்து ஆண்டுகள் இருந்தன.

பயன் என்ன என்று கேட்டு விஞ்ஞானத்துக்குப் பணம் அளக்கும் காலம் இது. லித்தியம் குளோரைடு கற்றையில் ஒரு பள்ளம் தெரிந்தபோது, அதனால் யாருக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்டிருந்தால் ராபியிடம் பதில் இருந்திருக்காது. அவரிடம் இருந்தது தாய் பழக்கிய ஒரு நல்ல கேள்வி மட்டுமே. மரத்துப்போன கையோடு அந்தக் குழாய்க்குள் படுத்திருக்கும் ஒவ்வொருவரும், தம்மை அறியாமலே, அந்தக் கேள்வியின் பலனைப் பெறுகிறார்கள்.